சவரி செஞ்ச துரோகம்

பஸ்ல போட்டிருக்கானே, இந்தப் படத்த நான் பாத்தது கிடையாது தம்பி. ஆனா முடிவச் சொல்லவா? அந்தக் கூலிங்கிளாஸ் போட்டவன் இருக்கான்ல, அவன்தான் கடைசில பெட்டியோட ஓடுவான். மத்த நாலு பேரும் வாயப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க. எப்படித் தெரியும்ங்கிறீங்களா? இப்ப டீ வந்துச்சே, எல்லாரும் எடுத்துக் குடிச்சாங்க. அவன் மட்டும் அடுத்தவன் குடிக்கிற வரைக்கும் பாத்துட்டு அப்புறம் வாய வச்சான். எனக்கு அது போதும்.

பைய மேல வைக்காதீங்க. மடியிலயே இருக்கட்டும். பின்னாடி கோடு போட்ட சட்டை போட்டு ஒருத்தன் தூங்குறான் பாருங்க, அவன் மாட்டுத்தாவணில ஏறுனதுலேர்ந்து உங்க பையத்தான் பாத்துக்கிட்டு வர்றான். தூங்குறானா? அப்படித்தான் தம்பி தூங்குவாங்க. நானே எத்தனை பஸ்ல அப்படித் தூங்கியிருக்கேன்.

எனக்கு நல்லாங்குளம் விலக்கு. அருப்புக்கோட்டை தாண்டி, ஊருக்குள்ள ரோடு பிரியிற எடம். டிக்கெட் அதுக்குத்தான் எடுத்திருக்கேன். எறங்குறதா வேணாமான்னு மட்டும் இன்னும் முடிவு பண்ணல. ஒருத்தன் நாளைக்கு ஒரு கல்யாணம்னு கூப்பிட்டிருக்கான். எனக்குத் துரோகம் பண்ணுனவன். வருசம் பத்து ஆச்சு. இப்ப எதுக்குக் கூப்பிடுறான்? அது புரியாம எனக்கு நேத்துலேர்ந்து சோறு எறங்கல. நீங்க படிச்ச பிள்ளையாத் தெரியிறீங்க. கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, எறங்கவா வேணாமான்னு.

பேரா? பேரு எதுக்குத் தம்பி. நான் உங்க பேரக் கேட்டனா?

சினிமாவுல கூட்டாளி துரோகம் பண்ணுனா துப்பாக்கிய நீட்டுறான். பாட்டு மாறுது. நமக்கு உடனே தெரிஞ்சு போகுது. நிசத்துல அப்படியெல்லாம் கிடையாது. கூட இருந்து, அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டு, நம்ம தட்டுல சாப்பிட்டு, நம்ம காசுலயே நமக்குக் குழி வெட்டுவான். சவரி அதத்தான் பண்ணுனான்.

நம்ம தொழிலு பேச்சுத் தொழில்னு வச்சுக்கங்களேன். யார் வீட்டுப் பூட்டயும் ஒடச்சது கிடையாது. கத்தி கபடா எடுத்தது கிடையாது. ஜனங்களாக் கூப்பிட்டு, பாய விரிச்சு, காப்பியும் குடுத்து, அவங்களா எடுத்து நீட்டுவாங்க. நான் வாங்கிக்கிருவேன். கேட்டு வாங்குனாத்தான தப்பு?

சவரிமுத்து தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஹோம்ல வளந்தவன். அப்பன் ஆத்தா யாருன்னு தெரியாது. பம்பாய்ல கொஞ்ச நாள் ஓட்டல்ல தட்டுக் கழுவிட்டு இந்தப் பக்கம் வந்தான். நான்தான் பிடிச்சேன். அவன் மொகத்தப் பாத்தா உங்களுக்கே ஒரு பிஸ்கட் வாங்கிக் குடுக்கலாம்னு தோணும். அந்த மாதிரி மொகம் கிடைக்காது தம்பி. நான் பேசுவேன், அவன் பக்கத்துல நிப்பான். பேசவே வேணாம், நின்னாப் போதும்.

ஒருநா இதே மாதிரி ஒரு பஸ்ல போறேன். பக்கத்துல ஒரு வயசான பொம்பள. வெத்தலையப் போட்டுக்கிட்டு மருமகளப் பத்தி வண்டி வண்டியாச் சொல்லுது. மருமக பேரு சந்தனமாரி. நல்லாங்குளத்துக்காரி. அவளுக்கு ஒரே தம்பி, தவசிலிங்கம்னு பேரு. சின்ன வயசுலயே வடக்க முறுக்குக் கம்பெனிக்குப் போனவன், அப்படியே காணாமப் போயிட்டான். எண்ணெய் தெறிச்சு எடது கையில பெரிய சூட்டுத் தழும்பு இருக்குமாம். அப்பன் செத்துட்டாரு. ரோட்டு மேல நெலம் கெடக்கு. நாலுவழிச் சாலை வந்ததும் வெலை எங்கயோ போயிருச்சு. ஆனா தம்பி வந்து கையெழுத்துப் போடாம விக்க முடியாது. நான் உம் கொட்டுனேன், அவ்வளவுதான். மருமககூட ஒத்துவராம அருப்புக்கோட்டையில மக வீட்டோட இருக்குதாம், மொத்தக் குடும்பத்தயும் எங்கையில குடுத்துட்டு அங்க எறங்கிப் போயிருச்சு. ஜனங்க ஏன்தான் பஸ்ல இப்படி வாயத் தொறக்குறாங்களோ.

சவரிய தவசிலிங்கமாக்குனேன். வயசு பொருத்தம். இந்தி வருது. தழும்பு ஒண்ணுதான் இல்ல. ஒரு கரண்டி எண்ணெய், அவ்வளவுதான். அவன்தான கைய நீட்டுனான்? நான் ஒண்ணும் பிடிச்சு அமுக்கல. கத்துனான், வாயில துண்டக் குடுத்தேன். ஆறுற வரைக்கும் லாட்ஜ்லயே வச்சுச் சோறு ஊட்டிவிட்டது யாரு? நானு. அத எவனும் சொல்ல மாட்டான்.

காயம் ஆறி, தழும்பாகி, பழசாத் தெரியவும் கூட்டிக்கிட்டுப் போனேன். கையெழுத்து, துட்டு, மறுநாளே நாங்க வடக்க. இதான் கணக்கு. என் வேசம், அவனுக்கு வடக்க அடைக்கலம் குடுத்த பெரிய மனுசன், வேலை குடுத்த முதலாளி, கூடப் பொறக்காத அண்ணன். அந்தம்மா, சந்தனமாரி, வாசல்ல உக்காந்து மிளகா வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கிட்டிருந்துச்சு. நான் விசயத்த ஆரம்பிச்சேன். அது என்னப் பாக்கவே இல்ல. சவரியையே பாத்துச்சு. எந்திரிச்சு வந்து அவன் கையத் திருப்பிப் பாத்துச்சு. தழும்ப விரலால தடவுச்சு. அப்புறம்தான் தலையத் தூக்கி என்னைப் பாத்துச்சு. அடுத்த நிமிசம் 'ஏ தம்பீ, வந்துட்டயாடா'ன்னு கட்டிப் பிடிச்சு அழுதுச்சு பாருங்க, தெருவே கூடிருச்சு. நான் எத்தனையோ அழுகையப் பாத்தவன். மூக்கு ஒழுக, கீழ விழுந்து பொரண்டு, அப்படியொரு அழுகைய நான் பாத்ததே இல்ல. அத்தனையும் நடிப்பு! பொறகு தெரிஞ்சப்ப எனக்கே மயிர்க் கூச்செறிஞ்சுச்சு. எங்க தொழில்ல இருந்திருந்தா எங்கயோ போயிருக்கும்.

நாங்க போயி ஒரு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள அந்தம்மா மக பெரியவளாயிட்டா. தாரணின்னு பேரு, ஏழாப்பு படிக்கிற பிள்ளை. வந்துச்சு வெனை. தாய்மாமன் வீட்ல இருக்கான்ல? பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டணும். சீர் செய்யணும். மேளம் வைக்கணும். ஊரே கேக்குது, 'என்னப்பா தவசி, என்ன செய்யப் போற?'ன்னு. சவரி என்னப் பாக்குறான். 'கவரிங்ல ஒரு செட் வாங்கிக் குடுத்துத் தொலைடா, எவன் ஒரசிப் பாக்கப் போறான்'னு சொன்னேன். கேக்கல. 'பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசாவது போடணும்ணே'ங்கிறான். பட்டுப் பாவாடை தாவணி, கொலுசு, ஒரு சின்னத் தோடு, பழத்தட்டு, மேளம். தொழிலுக்குன்னு நான் வச்சிருந்த முதல் அம்புட்டும் போச்சு. போனா வரும், நெலத்துல எடுத்துக்கலாம்னு மனசத் தேத்திக்கிட்டேன். என் கையிலயும் ஒரு தட்டக் குடுத்து மேளத்துக்குப் பின்னால நடக்க விட்டாங்க தம்பி. என் வயசுக்கு ஒருத்தருக்கும் நான் சீர்த்தட்டுத் தூக்குனது கிடையாது. எனக்கும் ஆரத்தி சுத்தி நெத்தில பொட்டு வச்சாங்க. ஒரு கெழவர் சவரிகிட்ட, 'இவரு உனக்குக் கூடப் பொறந்தவராப்பா?'ன்னு கேக்க, 'அதுக்கும் மேலய்யா'ன்னான். பரவால்ல, நல்லாத்தான் பொய் சொல்றான்னு எனக்கும் சந்தோசமா இருந்துச்சு.

அன்னைக்குத்தான் முருகவேலுன்னு ஒருத்தன் வந்து நின்னான். சந்தனமாரியோட கொழுந்தன் பொண்டாட்டிக்குத் தம்பி. மணல் லாரி வச்சிருந்தான். முப்பது வயசு இருக்கும். பட்டப்பகல்லயே நல்லாக் குடிச்சிருந்தான். 'குடிசைய எவன்டா கட்டுனது? இந்தப் பிள்ளைக்கு நான்தான் மாமன், குடிசை நான் கட்டுவேன், பிள்ளையும் எனக்குத்தான்னு பேசி வச்சிருக்குல்ல'ன்னு ஓலையப் பிச்சு எறியுறான். ஊர்ல ஒருத்தனும் வாயத் தொறக்கல. அந்தம்மா புருசன் பாவம், வாயில்லாப் பூச்சி, ஓரமா நிக்கிறாரு. சவரி போயி குடிசை வாசல்ல நின்னான். 'தாய்மாமன் நான் இருக்கேன்ல, அப்புறம் என்ன'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். எடத்த விட்டு நகரல. முருகவேலு செத்த நேரம் மொறச்சுப் பாத்துட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போயிட்டான். எனக்கு என்ன ஆச்சரியம்னா, அந்த வசனம் நான் சொல்லிக் குடுக்கவே இல்ல தம்பி.

அதுக்குப் பொறகு அவன் போக்கே மாறிப்போச்சு. பிள்ளை குடிசைக்குள்ள இருக்கு, இவன் வெளிய கட்டிலப் போட்டுக் காவல் உக்காந்திருக்கான். வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்கிறானாம். இவன் படிச்ச படிப்புக்கு! 'எப்படா கையெழுத்து'ன்னா, 'குடிசை பிரிக்கட்டும்ணே'ங்கிறான். எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. இவன் தனியா அந்தம்மாகூடப் பேசி முடிக்கப் பாக்குறான், நம்மளக் கழட்டி விடப் போறான். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சிரிச்சாங்கன்னா நான் காதத் தீட்டிக்கிட்டு நிப்பேன். ஒண்ணும் பிடிபடாது. ரேசன் அரிசி, பிள்ளைக்குச் சைக்கிள்னு என்னத்தையோ பேசிக்கிட்டு இருப்பாங்க. அவ்வளவு சாமர்த்தியம்.

பத்திர ஆபீஸ் போற அன்னைக்குக் காலையில அந்தம்மா எனக்குக் காப்பி கொண்டாந்து வச்சுச்சு. வச்சிட்டுப் போகாம நின்னுச்சு.

'அண்ணாச்சி, என் தம்பி செத்துட்டான்'னுச்சு.

எனக்குப் புரியல. சவரிக்குத்தான் என்னமோ ஆகிப்போச்சுன்னு பதறி எந்திரிச்சேன்.

'நாக்பூர் ஆஸ்பத்திரில செத்தான். கம்பெனில கூட வேலை பாத்த பையன் சேதி சொன்னான். பழனிக்குப் போறோம்னு வீட்ல சொல்லிட்டு நானும் இவரும் போனோம். கொள்ளி வச்சது நானு. இந்த ஊர்ல ஈ காக்காய்க்குத் தெரியாது. எங்கய்யா உசுரோட இருந்தாரு, தாங்க மாட்டாருன்னு அவருக்கும் சொல்லல. அதோட, தம்பி எங்கயோ இருக்கான், வருவான்னு இருந்தாத்தான் இந்த வீட்ல எனக்கு ஒரு மட்டு மரியாதை.'

'அப்ப எதுக்கும்மா எங்கள உள்ள விட்ட?'ன்னேன்.

'பிள்ளை எந்த நேரமும் பெரியவளாகி உக்காந்துருவான்னு இருந்துச்சு. உக்காந்தா அந்தக் குடிகாரன் குடிசை கட்டிக் கொண்டு போயிருவான். கேக்க எனக்கு ஆள் இல்ல. எனக்கு ஒரு தம்பி வேணும்னு நான் கும்பிடாத சாமியில்ல. நீங்க கொண்டாந்து நிப்பாட்டுனீங்க'னுச்சு.

பாத்தீங்களா! ஏமாத்தப் போன எங்களையே ஏமாத்திருச்சு. என் காசுல சீர், என் காசுல மேளம். இது என்ன நியாயம் சொல்லுங்க?

அதோட விட்டுச்சா? 'எந்தம்பிக்குச் சூடு பட்டது கால்ல. என் மாமியா பாத்ததில்ல, பஸ்ல பாக்குறவங்ககிட்டயெல்லாம் கைன்னு அதுவாச் சொல்லிக்கிட்டுத் திரியும். இவன் கையில இருக்கிறது நேத்துப் பட்ட சூடு. நீங்கதான சுட்டீங்க?'ன்னு கேட்டுச்சு. தொழில்னா நாலும் இருக்கும். 'இப்ப அதுக்கென்னம்மா'ன்னேன். 'வலிச்சிருக்கும்ல'ன்னுச்சு. அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

அப்புறம், 'பத்திர ஆபீஸ்ல அவன் கையெழுத்துப் போட்டா அந்த எடத்துலயே சொல்லிருவேன். போடாம இருந்தா எந்தம்பியா இருக்கட்டும். நீங்களும் இருக்கிறதுன்னா இருங்க அண்ணாச்சி, ஒரு வாய் சோறு போடாமப் போயிற மாட்டேன்'னுச்சு. எப்படித் தூண்டில் போடுது பாருங்க! சிக்குவனா நானு? அப்பவே பெட்டியக் கட்டிட்டேன்.

பம்புசெட்ல சவரி குளிச்சுக்கிட்டிருந்தான். 'டேய் கெளம்பு, அந்தம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு'ன்னேன். தலையத் தொவட்டிக்கிட்டே, 'எனக்குத் தெரியும்ணே, வந்த அன்னைக்கே அக்கா சொல்லிருச்சு'ங்கிறான்.

வந்த அன்னைக்கே! யோசிச்சுப் பாருங்க தம்பி. வந்த அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம்தான் என்கிட்ட கொலுசு, பட்டு, தோடுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு வாங்கியிருக்கான். ஊட்டிவிட்ட என் கையிலேர்ந்தே. 'ஏன்டா என்கிட்டச் சொல்லல?'ன்னா, 'சொன்னா நீங்க போயிருவீங்கண்ணே. சீர் நின்னுரும். பிள்ள பாவம்'ங்கிறான். 'நீ வரலயா?'ன்னேன். 'நான் வரலண்ணே. நீங்களும் இருங்க'ன்னான். அவன் மொகத்துலயே காறித் துப்பிட்டு பஸ் ஏறிட்டேன். இதுக்குப் பேரு துரோகம் இல்லாம வேற என்ன?

அதுக்கப்புறம் எனக்குத் தொழில் ஓடல. புதுசா ஆள் சேத்தேன், ஒருத்தனும் நெலைக்கல. தூங்கும்போது காசு இருக்கிற சட்டைய எங்க கழட்டி வைக்கிறதுன்னு தெரியாம எத்தனை நாள் தொழில் பண்றது? இப்ப மதுரையில ஒரு லாட்ஜ்ல ரூம். மேனேஜர் நல்லாப் பேசுவான், அதனால அவன்கிட்ட நான் பேசுறதில்ல.

ஆனா சவரிய நான் விடல. அவன் ஆட்டம் என்னன்னு கண்டுபிடிக்கணும்ல? நடுவுல ரெண்டு மூணு தடவை நல்லாங்குளம் விலக்குல எறங்கி, தலையில துண்டப் போட்டுக்கிட்டு எதுத்த டீக்கடையில உக்காந்து பாத்தேன். ரோட்டு மேலயே பஞ்சர் கடை வச்சிருக்கான். நெத்தில திருநீறு. சாயங்காலம் அந்தப் பிள்ளை காலேஜ் பஸ்ல வந்து எறங்குனா, கடையப் போட்டுட்டு அது பையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போறான். நெலத்த இன்னும் விக்கல. சோளம் போட்டிருக்காங்க. வெலை இன்னும் ஏறட்டும்னு காத்திருக்கான்னு நெனச்சேன். பெரிய கைடா நீயின்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன்கூட. இப்ப என்னன்னா, அந்தப் பிள்ளை கல்யாணச் செலவுக்குக் கடைய அடமானம் வச்சிருக்கானாம். நெலத்த வைக்கல, கடைய வச்சிருக்கான்! அப்ப அவனுக்கு இதுல என்னதான் லாபம்? எங்கயோ ஒரு லாபம் இருக்கணும். எனக்குத்தான் இன்னும் கண்ணுல படல.

வருசா வருசம் பொங்கலுக்குப் போன் பண்ணுவான். நான் எடுக்க மாட்டேன். நம்பர மாத்தியிருக்கலாமேங்கிறீங்களா? மாத்தியிருக்கலாம். மாத்தல. அத விடுங்க.

போன மாசம் வேற நம்பர்லேர்ந்து வந்துச்சு, ஏமாந்து எடுத்துட்டேன். 'பெரிய மாமா, நான் தாரணி பேசுறேன்'னு ஒரு பொம்பளப் பிள்ளைக் குரல். நான் ஆருக்கும் பெரிய மாமா கிடையாதுன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே போகுது. பேங்க்ல வேலையாம் அதுக்கு. மாப்பிள்ளை கூட வேலை பாக்குற பையனாம். 'நீங்க போட்ட கொலுசு இன்னும் இருக்கு மாமா, கட்டாயம் வரணும்'னுச்சு. அப்புறம் சவரி வாங்கிப் பேசுனான். 'அண்ணே, தாய்மாமனுக்கு மாலை போடும்போது என் பக்கம் நிக்க ஒரு ஆள் வேணும்ணே. எனக்குன்னு உங்கள விட்டா யாரு இருக்கா'ன்னான். குரல் ஒடையுது. எவ்வளவு நேக்காப் பேசுறான் பாருங்க. நான் சொல்லிக் குடுத்த குரல் தம்பி அது. ஆனா அழுகுறதுக்கு மட்டும் நான் சொல்லிக் குடுக்கல, அவனுக்கு வராதுன்னு விட்டுட்டேன்.

இப்பச் சொல்லுங்க. எதுக்குக் கூப்பிடுறான்? போலீசா? பத்து வருசங்கழிச்சு என்ன போலீசு. துட்டா? என்கிட்ட என்ன இருக்கு, இந்த ரெண்டு வேட்டியும் மாத்திரை டப்பாவும்தான். பாசமா? என்ன தம்பி, நீங்களுமா இப்படிப் பேசுறீங்க? உங்களுக்கு அவனத் தெரியுமா? இல்ல, தெரியுமான்னு கேக்குறேன். மாட்டுத்தாவணில அத்தனை சீட்டு காலியா இருக்க, நீங்க எதுக்கு என் பக்கத்துல வந்து உக்காந்தீங்க?

சரி சரி, கோவிச்சுக்காதீங்க. கேட்டேன், அவ்வளவுதான்.

விசில் அடிக்கிறான். விலக்கு வந்துருச்சு. நான் குனிஞ்சுக்கிறேன். நீங்க சன்னல் வழியாப் பாருங்க. பஞ்சர் கடை வாசல்ல ஒருத்தன் நிக்கிறானா? வெள்ளை வேட்டியா? எடது கையில தழும்பு தெரியுதா? அவன்தான். கூட யாரு இருக்கா? நல்லாப் பாருங்க, மரத்துக்குப் பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களா? தனியாவா? வெயில்ல தனியா நிக்கிறானா? கையில என்ன? ஜவுளிக்கடைப் பையா? யாருக்கு அது?

வர்றானா? ஒவ்வொரு சன்னலாப் பாக்குறானா? பேசாதீங்க. கையக் காட்டாதீங்க. கும்பிட்டுக் கேக்குறேன், என்ன மறைச்ச மாதிரி கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க. கண்டக்டர், எறங்குற ஆள் யாரும் இல்ல, போகச் சொல்லுங்க! டிக்கெட் எடுத்தா எறங்கியே ஆகணுமா? தூத்துக்குடிக்கு ஒண்ணு குடுங்க, போங்க.

அப்பாடா. போயிருச்சா?

எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. குனிஞ்சு இருந்தேன்ல, மூச்சு வாங்குது. கண்ணுல தூசி. நீங்க திரும்பிப் பாருங்களேன், என்னால கழுத்தத் திருப்ப முடியல. அவன் வீட்டுக்குப் போயிட்டானா?

என்னது, அங்கயேதான் நிக்கிறானா? அடுத்த பஸ்ஸப் பாத்துக்கிட்டா?

பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. ஏதோ இருக்கு தம்பி. ஒண்ணும் இல்லாமயா ஒரு மனுசன் இன்னொருத்தனுக்காக இந்த வெயில்ல அப்படி நிப்பான்?